லவினாவுக்கு எத்தனை எச்?

வெள்ளவத்தையில் காலி வீதியோரம் ஒரு சாறிக் கடை. அதன் மேல்மாடிக்குப் போகிற வரிசை, காலை ஏழு மணிக்கே படிக்கட்டால் வழிந்து நடைபாதைக்கு வந்துவிடும். மேலே இருந்தவர் எண்கணிதச் சக்கரவர்த்தி சாந்தன். உங்கள் பெயரை இங்கிலீசில் எழுதிக் கொடுத்தால் போதும். எந்த எழுத்து உங்கள் வாழ்க்கையைக் கெடுக்கிறது என்று கண்டுபிடித்து, அதைக் கழற்றிவிட்டு வேறொன்றைப் பூட்டி அனுப்புவார். மோட்டார் சைக்கிளுக்கு பிளக் மாற்றுகிற மாதிரி.

கோயிலுக்குப் போகிறவர்கள், சேர்ச்சுக்குப் போகிறவர்கள், பள்ளிவாசலுக்குப் போகிறவர்கள் எல்லாரும் அந்தப் படிக்கட்டில் தோளோடு தோள் நின்றார்கள். இன ஒற்றுமைக்கென்று நாட்டில் எத்தனையோ கமிட்டி போட்டார்கள், நடக்கவில்லை. சாந்தன் இரண்டு 'எச்' போட்டார், நடந்துவிட்டது.

கொட்டாஞ்சேனை பிறிஜெற்றும் ஒருநாள் அந்த வரிசையில் நின்றாள். அவள் மகள் லவினா நேர்ஸ் படிப்புக்கு நேர்முகத்துக்குப் போய் ஒருதரம் தோற்றிருந்தாள். கேட்ட கேள்விக்குப் பதில் தெரியவில்லை என்று பிள்ளை உண்மையைச் சொன்னாள். தாய் நம்பவில்லை.

சாந்தன் கண்ணை மூடினார். விரலை மடக்கினார். பெருமூச்சு விட்டார்.

"இந்தப் பேரோட பிள்ளை இவ்வளவு காலம் உயிரோட இருக்கிறதே பெரிய காரியம், அம்மா."

பிறகென்ன? 'ஏ' இரண்டானது. 'வி'யும் இரண்டானது. 'ஐ' இருந்த இடத்தில் 'வை' வந்து குந்தியது. கடைசிக்கு முன்னால் ஒரு 'எச்' நுழைந்தது. ஆறெழுத்துப் பிள்ளை ஒன்பதெழுத்துப் பிள்ளையாக வீட்டுக்கு வந்தாள். கூடவே பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு அட்டையும் வந்தது. அதில் புதுப் பெயர், கீழே 'ஆயுள் முழுவதும் செல்லும்' என்று ஒரு வரி. புறப்படும்போது சாந்தன் இன்னொன்றும் சொன்னார்: "பழைய எழுத்தைத் திருப்பி எழுதிப்போடாதேங்கோ. தகப்பனுக்குக் கண்டம்."

தகப்பன் சவுந்தரநாயகம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். அன்றிரவே பிறிஜெற் மகளின் கொப்பிகளில் எல்லாம் புதுப் பெயரை எழுதிவைத்தாள்.

புதுப் பெயரோடு லவினா பட்ட பாடு கொஞ்சமல்ல. கிளினிக்கில் துண்டு வாசிக்கிற பெண் அந்தப் பெயரைப் பார்த்து, "மே மொகத்த மே நம?" என்று சிங்களத்தில் பக்கத்து ஆளிடம் கேட்டாள். என்ன பேர் இது என்று அந்த ஆளுக்கும் தெரியவில்லை. கடைசியில், "நீலச் சட்டை போட்ட பிள்ளை, உள்ள வாங்க" என்றார்கள். அவ்வளவு அதிர்ஷ்டம்.

அடுத்த தரம் நேர்ஸ் படிப்புக்குப் போட்ட விண்ணப்பம் திரும்பி வந்தது. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், விண்ணப்பத்தில் வேறொரு பெயர், இந்த இரண்டு பேரில் படிக்கப் போவது யார் என்று கேட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

லவினா அதை எடுத்துக்கொண்டு, அழுத முகத்தோடு ருக்கியாவின் கடைக்கு ஓடினாள். தாயும் பின்னால் போனாள். ருக்கியா அந்தத் தெருவில் போட்டோகொப்பிக் கடை வைத்திருப்பவள். போர்ம் நிரப்பத் தெரியாதவர்களுக்கு நிரப்பிக் கொடுப்பதும் அவள்தான்.

"இதென்ன பெரிய விஷயம்? பழைய பேர எழுதி இண்டைக்கே அனுப்புவம்," என்றாள் ருக்கியா.

"ஐயோ வேண்டாம்! இவருக்குக் கண்டமெண்டு சொன்னவர்," என்று பிறிஜெற் பேனையைப் பறித்தாள்.

"அம்மா, எனக்கு இதைவிட்டா வேற சான்ஸ் இல்ல," என்றாள் லவினா.

"அப்பாவைவிடப் பெரிசோடி உனக்கு?"

ருக்கியா பிறிஜெற்றின் பையில் இருந்த அந்த அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு ஒரு வெள்ளைத் துண்டில் அந்த ஒன்பது எழுத்தையும் லவினாவின் பிறந்த தேதியையும் எழுதினாள்.

"பிறிஜெற் அக்கா, முக்காடு மாதிரி சால்வையப் போட்டுட்டு என்னோட வாங்க. நான் கதைக்கிறன். நீங்க வாயத் திறக்க வேணாம்."

மேல்மாடியில் அன்றைக்கும் நாற்பது பேர் இருந்தார்கள். ருக்கியா துண்டை நீட்டினாள்.

"என்ட தங்கச்சிட மக. ஒண்டும் சரி வருதில்ல."

சாந்தன் கண்ணை மூடினார். விரலை மடக்கினார். பெருமூச்சு முன்னையதைவிட நீளம்.

"சாபம் பிடிச்ச எழுத்து! அந்த 'எச்' இருக்கே, கழுத்தில சுருக்கு. எந்த மடையன் வெச்ச பேர் இது?"

"நீங்கதான் வெச்ச," என்றாள் ருக்கியா. அட்டையை மேசையில் வைத்தாள்.

நாற்பது பேரும் கழுத்தை நீட்டி அட்டையைப் பார்த்தார்கள்.

"அது... போன மாசம். இப்ப கிரகம் மாறிட்டுது," என்றார் சக்கரவர்த்தி.

"ஆயுள் முழுக்கச் செல்லும் எண்டு போட்டிருக்கு. இது யார்ட ஆயுள்?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மூன்றாவது தரம் பெயர் மாற்ற வந்திருந்த இரும்புக் கடை றவூப் எழும்பி நின்றார். "பொறுங்க, போன ரெண்டு தரமும் நீங்க தந்த பேர நீங்களே பிழையெண்டு சொன்ன, என்ன?" பின் வரிசையில் இருந்த இரத்தினம்மா பையைத் துழாவித் தன் அட்டையை எடுத்து, பெயரை மட்டும் வேறு துண்டில் எழுதி, "இது என்ர மருமகளின்ர. எப்படி?" என்று நீட்டினாள். பழக்கதோஷம், சக்கரவர்த்தி அதற்கும் பெருமூச்சு விட்டுவிட்டார்.

பிறகு மாடி முழுக்க அட்டைகள் உயர்ந்தன. சாந்தன் முகம் கழுவிவிட்டு வருவதாகச் சொல்லிப் பின்படிக்கட்டால் இறங்கினார். முகம் இன்னும் கழுவி முடியவில்லை.

பிறிஜெற் சால்வையைக் கழற்றி மடித்துக்கொண்டு பஸ் ஏறினாள். கொட்டாஞ்சேனையில் இறங்கியதும், "ருக்கியா, அந்தப் போர்மை நானே எழுதட்டா?" என்றாள். ஆறு எழுத்து. ஒவ்வொன்றாக எழுதினாள். அன்று பின்னேரம் சவுந்தரநாயகம் வேலையால் வரும்வரை வாசலிலேயே நின்றாள். அவர் வந்தார். தேத்தண்ணி கேட்டார். அவருக்கு வந்த ஒரே கண்டம், அன்றைக்கு மனைவி ஐந்து கரண்டி சீனி போட்டதுதான்.

லவினா நேர்முகத்துக்கு இந்தத் தரம் இரவிரவாகப் படித்துவிட்டுப் போனாள். இடம் கிடைத்தது.

சாந்தன் இப்போது மருதானைப் பக்கம் கைரேகை பார்ப்பதாகக் கேள்வி. அங்கேயும் வரிசையாம். போகிறவர்கள் தாராளமாகப் போங்கள். ஆனால் இன்றைக்கு வலது கையைக் காட்டினால், அடுத்த கிழமை முகத்தை மூடிக்கொண்டு அதே கையைத் திருப்பி நீட்டிப் பாருங்கள். கழுத்துக்கு மேலே இருப்பது முக்காடு போட மட்டுமல்ல.