மருமகள்கள் மட்டும் உள்ளே

8 ஆகஸ்ட் 1946, வியாழன். இன்று ஒரு சிறு தவறு செய்தேன். பலகையைத் தெருவைப் பார்க்க மாட்டிவிட்டேன்.

டைரியில் இதை எழுதிய பிறகு சுப்பராமன் 'சிறு' என்பதை அடித்தான். அடிக்கும் அளவுக்குப் பெரிய தவறுதானா என்ற சந்தேகத்தில் மறுபடியும் எழுதினான்.

பலகையில் 'கர்ப்பத்தடை ஆலோசனை' என்று முழ நீளத்துக்கு எழுத்து. மயிலாப்பூரில் ஒரு மாதர் சங்கக் கட்டடத்தின் பின்புற அறையில், வியாழன் மாலைதோறும் டாக்டர் நீரஜா காசு வாங்காமல் உட்காருவார். பகலெல்லாம் பிரசவ வார்டில் நின்றுவிட்டு, நெரிசல் டிராமில் இடிபட்டு வந்து சேருவார். ஒன்பதாவது பிரசவத்தில், பத்தாவது பிரசவத்தில் கண்ணெதிரே உயிர்விட்டவர்களைப் பற்றி அவர் பேசுவதில்லை. ஆனால் வராத நாளும் கிடையாது. சங்கத்துக் குமாஸ்தாவான சுப்பராமன், அதற்காகவே வியாழக்கிழமைகளில் தன் மாலைக் கணக்கு வகுப்புக்கு மட்டம் போட்டான்.

இரண்டு மாதமாக ஒருத்தியும் எட்டிப் பார்க்கவில்லை. "மாசக் கடைசிக்குள்ள ஒருத்தியாவது யோசனை கேட்டு வரட்டும். இல்லேன்னா அறையைப் பூட்டிடுவேன்" என்று சங்கத்துக் காரியதரிசி சொல்லிவிட்டாள். அதற்காகத்தான் பலகை.

"இன்னா ஐயரே, இத்தப் போய் இப்டி மாட்டிக்கினு கீறே?" என்றாள் ஆயா செண்பகம். "எந்தப் பொம்பளை இதுக்கு அடியில நொழைவா? அந்தாண்ட பாரு, எதிர்ச் சாரிக்குப் போய் நடக்குதுங்க."

பலகை இறங்கியது. அதற்குப் பதிலாக, குழந்தைகளுக்கு எடை பார்க்கப்படும் என்று செண்பகத்தை விட்டு வீடு வீடாகச் சொல்லச் செய்தான் சுப்பராமன்.

அடுத்த வியாழன் அறை கொள்ளவில்லை. ஒவ்வொரு குழந்தையோடும் ஒரு தாய். ஒவ்வொரு தாயோடும் ஒரு மாமியார். தராசைச் சுற்றி நின்ற கூட்டத்தில் டாக்டரின் தலைகூடத் தெரியவில்லை.

"அத்தனை குழந்தையும் கொழுகொழுன்னு இருக்கு, சுப்பராமன்" என்றார் நீரஜா, கையைத் துடைத்துக்கொண்டே. "ரொம்ப சந்தோஷம். ஆனா நான் வந்தது அதுக்கில்லே. ஒருத்தரும் வாயைத் திறக்கலை."

மாமியார் பக்கத்தில் நின்றால் எந்த மருமகள் வாயைத் திறப்பாள்? சுப்பராமன் இரவெல்லாம் யோசித்துக் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டான். கண்டுபிடித்தது சரிதானா என்று விடியும்வரை கவலைப்பட்டான்.

மூன்றாவது வியாழன் புதுச் சட்டம் வந்தது: மருமகள்கள் மட்டும், ஒவ்வொருவராக உள்ளே. மாமியார்கள் முற்றத்தில். வாசற்படியில் செண்பகம் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள்.

"ஏண்டா அம்பி, நான் வந்தா என்ன?" என்றாள் கிழக்கு மாட வீதி ஜெயலக்ஷ்மி மாமி. "டாக்டர் என்ன, என்னைப் பார்த்தா கடிச்சுடுவாளா?"

"சட்டம் மாமி."

"யார் போட்டா?"

"நான்தான்" என்று சொல்ல அவனுக்குத் தைரியமில்லை. "மேலிடம்" என்றான்.

சற்று நேரத்தில் மாமி பக்கவாட்டுச் சந்து வழியாக உள்ளே போகப் பார்த்தாள். ஓடிப்போய் மறித்தான். திரும்பினால், ஜாம் பஜாரிலிருந்து மருமகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்த அன்வரி பேகம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வயித்துல கோளாறு, பேட்டா. டாக்டரம்மாவைப் பார்த்தே ஆகணும்."

இந்தத் தந்திரமெல்லாம் தன்னிடமா என்று நினைத்த சுப்பராமன், ஒரு தம்ளர் ஓமத்தண்ணீர் கலக்கிக் கொடுத்து, நின்று குடிக்கவும் வைத்தான். அன்வரி பேகம் அவனைப் பார்த்த பார்வையில் ஓமத்தைவிடக் காரம் அதிகம்.

உள்ளே போன மருமகள்களோ போன சுருக்கில் வெளியே வந்தார்கள். எல்லோருடைய கண்ணும் முற்றத்தின் மேலேயே இருந்தது. பாவம், பயம் என்று சுப்பராமன் முடிவுகட்டினான். மாமியார்களைக் கண்ணில் படாமல் ஓரிடத்தில் கட்டிப்போட வேண்டும்.

மாதத்தின் கடைசி வியாழன். முன்கூடத்தில் ராமானுஜ பாகவதரின் கதாகாலட்சேபம். மாமியார்களைத் தூண்களுக்கு நடுவில் உட்கார்த்தி, எழுந்து போக வழியில்லாமல் வாத்தியக்காரர்களைக் குறுக்கே உட்கார வைத்தான். என்ன கதை என்று கேட்க மட்டும் மறந்துவிட்டான்.

"நூறு பிள்ளைகள்!" என்று பாகவதர் சப்ளாக்கட்டையைத் தட்டினார். "காந்தாரி பெற்றாள் நூறு! அது போதுமோ? போதாதென்று ஒரு பெண்ணும் பெற்றாள்!"

ஜெயலக்ஷ்மி மாமி புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். அன்வரி பேகம் "யா அல்லாஹ்" என்றாள். பக்தியில் உருகுகிறார்கள் என்று சுப்பராமன் பூரித்துப்போனான்.

அந்தச் சமயத்தில் மாமியின் மருமகள் ஜானு டாக்டர் அறையிலிருந்து வெளியே வந்தாள். மற்றவர்களைப் போலவே, போன சுருக்கில். பூட்டும் சாவியுமாகக் காரியதரிசி வாசலில் வந்து நின்றாள். ஜானு நேராகச் சுப்பராமனிடம் வந்தாள்.

"அண்ணா, கதையை நிறுத்தச் சொல்லுங்கோ."

"மாமியார் எழுந்து வந்துடுவாளேன்னு பயமா? வரவே முடியாது. பாகவதர் காந்தாரியோட இன்னும் அறுபது பிள்ளைக்குப் பேர் சொல்லியாகணும்" என்றான் சுப்பராமன் குரலைத் தாழ்த்தி. "நீ மறுபடி உள்ளே போய் டாக்டர்கிட்ட மனசு விட்டுப் பேசும்மா. கெஞ்சிக் கேட்டுக்கறேன்."

"நான் என்னத்தைப் பேசறது? வாயைத் திறக்கப்படாதுன்னு எங்க மாமியார் சத்தியம் வாங்கிண்டிருக்கா. இனிமே தாங்காது, சொல்லிடறேன்." ஜானு ஒருமுறை கூடத்தைத் திரும்பிப் பார்த்தாள். "எனக்கு ஒரே குழந்தை, அண்ணா. எங்க மாமியாருக்கு ஒன்பது. போன தை மாசம் ரெண்டு பேரும் ஒரே அறையில பிரசவத்துக்குப் படுத்துண்டிருந்தோம். டாக்டரைப் பார்க்க வந்தது அங்கே உட்கார்ந்திருக்கற மாமியார்கள்தான். அத்தனை பேரும்! நாங்கள்லாம் அவாளுக்குத் துணைக்கு வந்தவா."

29 ஆகஸ்ட், வியாழன். நாளைக்குச் செய்ய வேண்டியது: டாக்டர் அறை வாசலில் மாமியார்கள் காத்திருக்கப் போட இரண்டு நீளப் பெஞ்சு கேட்டு வாங்கி வருவது.