அக்கா வயித்துத் தண்ணி விவகாரம்

தோஹாவில் இருக்கும் அன்பு மாமா அவர்களுக்கு,

திருவையாற்றிலிருந்து மச்சினன் மதிவாணன் பணிவுடன் எழுதுவது. இங்கு அக்காவும் வயிற்றுப் பிள்ளையும் நலம். ஃபோனில் நீங்கள் அழுதது மட்டும்தான் நலமில்லை. "ஊசி போட்டே ஆகணும்"னு நீங்க கத்துனதுல அக்கா உங்க நம்பரையே எடுக்க மாட்டேங்குது. கடிதத்துல நடுவுல கத்த முடியாதுல்ல, அதான் அங்க திரும்புற ஜாஃபர் சாதிக் அண்ணன்கிட்ட முறுக்கோட கொடுத்தனுப்புறேன்.

ரத்தப் பரிசோதனையில பிள்ளைக்குக் குறை இருக்கலாம்னு வந்துச்சா, டாக்டரம்மா, "உறுதியாத் தெரியணும்னா வயித்துல ஊசி விட்டு பனிக்குடத் தண்ணி கொஞ்சம் எடுக்கணும்"னாங்க. அவ்வளவுதான், எங்கப்பா எழுந்துட்டாரு. "மேல்மடைக்காரன் என் வயத்தண்ணியை எடுக்குறது போதாதா? எம் பொண்ணு வயித்துத் தண்ணியையும் எடுக்கணுமா?" டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கிட்டு, "தானா ஊறிடும் ஐயா"ன்னாங்க. "முறை வச்சு விடுவீங்களா?"ன்னு கேட்டாரு பாருங்க, நர்ஸு வெளிய ஓடிட்டாங்க. அம்மா ஒரு பக்கம் அழுகை. நான் பாலிடெக்னிக்கையே பாதியில விட்டவன், எனக்கென்ன தெரியும், "குத்திட்டுப் போவோம்க்கா"ன்னுட்டேன்.

அக்கா மட்டும் நேரா கேட்டுச்சு: "இந்த ஊசியால பிள்ளை கலையுமா?"

"அபூர்வமா கலையலாம்மா. சில நூறு பேர்ல ஒருத்தருக்கு."

"அந்த ஒருத்தி நானா இருந்தா?"

டாக்டரம்மா மழுப்பல. "அதை யாரும் சொல்ல முடியாது. முடிவு உங்களோடதுதான்."

"குறை இருந்தாலும் பெத்துக்கத்தான் போறேன். அப்புறம் எதுக்கு ஊசி? ஸ்கேன் மட்டும் பாருங்க."

மாமா, கரப்பான்பூச்சிக்கு அலறுற அக்கா அது! அந்த ரூம்ல இருந்திருந்தா நீங்களும் காலரைத் தூக்கி விட்டிருப்பீங்க. அதனால கத்துறதை நிறுத்திட்டு மன்னிப்பு கேளுங்க.

அங்க உங்க ரூம்ல கூடத் தங்கியிருக்கிறவங்களுக்கு என் வணக்கம். உங்களுக்குக் கொஞ்சம் தைரியம் உண்டாகட்டும்.

இப்படிக்கு,
எங்க அக்காவோட தம்பி
மதிவாணன்

பி.கு.: முறுக்கு கட்டுறதுக்குள்ள ஸ்கேன் முடிஞ்சுது. பிள்ளை வாரக் கணக்குக்குச் சின்னதா இருக்கேன்னு டாக்டரம்மா துருவுனாங்க. கடைசியா தலைக்குக் குளிச்ச தேதியை அம்மா "பதினெட்டு"ன்னு சொல்லியிருக்கு. கவுண்டர்ல நம்மூர்ப் பொண்ணு, அதுக்குப் பதினெட்டுன்னா ஆடிப் பதினெட்டாம் பெருக்குதான், ஆகஸ்ட் மூணுன்னு போட்டுருச்சு. அம்மா சொன்னது ஆகஸ்ட் பதினெட்டு! ரெண்டு வாரம் தப்பு. சரியான தேதிய வச்சு ரத்தப் பரிசோதனையைத் திரும்பக் கணக்குப் போட்டா பயப்பட ஒண்ணுமில்லையாம். அன்னைக்கே குத்தியிருந்தா பதிமூணாவது வாரத்துல குத்துன மாதிரி ஆயிருக்கும், அது இன்னும் ஆபத்தாம். ஆக, மேல எழுதுன சண்டையெல்லாம் வாபஸ். அக்காவைப் பத்தி எழுதுனது மட்டும் வாபஸ் இல்ல. வர்ற பதினெட்டுக்குப் பிள்ளையோட ஆத்துக்குப் போறோம், லீவு போட்டு வந்துடுங்க. எந்தப் பதினெட்டுன்னு மட்டும் கேட்காதீங்க, அம்மா அடிக்க வருது.