முதுகில் ஒரு ஜூம்

ஆர்டரோடு வந்த தாளில் யாரோ மைக்கையைத் துடைத்திருந்தார்கள்.

தரணீதரன் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தான். நாலு படங்கள், நாலு ஆங்கில வார்த்தைகள். எந்தப் படத்துக்குக் கீழே எந்த வார்த்தை என்று காட்டிய கோடுகள் இருந்த இடத்தில் சிவப்பு மை அப்பியிருந்தது. மணி பதினொன்று. நாலு மணிக்குள் அறுநூறு துண்டுகளிலும் படம் அடித்துப் பக்கத்துத் தையல் யூனிட்டில் சேர்க்க வேண்டும். நாலரைக்கு அவன் ஆஷாவோடு பேருந்தில் இருக்க வேண்டும்.

இரண்டாவதுதான் முக்கியம். ஆஷாவுக்கு ஏழாம் மாதம். பிரசவத்துக்குக் கொமரலிங்கத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போகிறாள். கூட்டிப்போக வேண்டிய அம்மா முழங்கால் வலியில் படுத்துவிட, நானே கொண்டுவந்து விடுகிறேன் என்று தரணி வாக்குக் கொடுத்து மூன்று வாரம் ஆகிவிட்டது. ஒரு ஞாயிறு அவசர ஆர்டரில் போனது. அடுத்த ஞாயிறு அந்த ஆர்டரில் வந்த கோளாறைச் சரி செய்வதில் போனது. இன்று காலை ஆஷா சண்டை போடவில்லை. இட்லியைத் தட்டில் வைத்துவிட்டு அமைதியாகச் சொன்னாள்.

"இன்னிக்கும் வரலீன்னா நானே போய்க்கறனுங்க. நீங்க கொழந்தைக்குப் பேரு வெக்கறப்ப வந்தாப் போதும்."

இதற்கு அவள் சண்டையே போட்டிருக்கலாம் என்று இருந்தது அவனுக்கு.

பல்லடம் சாலையில் பக்கீர் முகமது நடத்தும் பிரிண்டிங் பட்டறையில் தரணி சூப்பர்வைசர். துணி வெட்டும் இடம் வேறு, தைக்கும் இடம் வேறு. நடுவில் வெட்டிய துண்டுகள் மட்டும் மூட்டையாக இங்கே வரும். படம் அடித்து, காயவைத்து, அனுப்பிவிடுவார்கள். தைத்த சட்டையை இங்கே யாரும் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் உள்ளங்கை இரண்டை அகல விரித்த அளவில் வந்த இந்தத் துண்டுகள் குழந்தைச் சட்டைக்குத்தான் என்று சொல்ல யாரும் தேவையில்லை. படத்தை முதுகில் அடிக்கச் சொல்லியிருந்தது மட்டும் அவனுக்குக் கொஞ்சம் இடித்தது. அதையும் ஆஷா தீர்த்துவைத்திருந்தாள். தவழ்கிற குழந்தைக்கு முதுகுதானே மேலே தெரியும் என்றாள்.

கார், ராக்கெட், மின்விசிறி, தேனீ. இவை படங்கள், துண்டுக்கு ஒன்று. ஜூம், விஸ், விர், ஹம். இவை வார்த்தைகள்.

ஆர்டர் கொடுத்த அலுவலகத்தில் சித்ராதேவி என்ற பெண்தான் பொறுப்பு. மூன்று முறை அழைத்தும் எடுக்கவில்லை. தரணி கைப்பேசியில் அகராதியைத் திறந்தான். ஜூம் என்றால் ரீங்காரத்தோடு விரைதல். விஸ் என்றால் விரைந்து செல்லும் ரீங்காரம். விர் என்றால் சுழலும் ரீங்காரம். ஹம் என்றால் ரீங்காரம். இருந்த ஒரே சத்தத்தை வெள்ளைக்காரர்கள் நாலு பங்காளிகளுக்குப் பிரித்துக் கொடுத்தது போல இருந்தது.

பி.ஏ. ஆங்கிலம் படித்த மனைவி இருக்கும்போது அகராதி எதற்கு? ஆஷாவை அழைத்தான்.

"கெளம்பிட்டீங்களா?"

"இல்ல கண்ணு, ஒரு சந்தேகம். ஃபேன் என்ன சத்தம் போடும்?"

அந்தப் பக்கம் புடவை மடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"நம்மூட்டு ஃபேனு ஹம்முன்னுதானுங்க முனகிட்டிருக்குது. என்னய மாதிரியே."

சரி, ஃபேனுக்கு ஹம். மீந்த விர் தேனீக்கு. கோபத்தில் வந்த பதில் என்று யோசிக்காமல் நூற்றைம்பது துண்டுகள் அடித்துவிட்டான்.

பன்னிரண்டரைக்குப் பக்கீர் முகமது வந்து ஒன்றை எடுத்துப் பார்த்தார். நல்ல ஃபேன் ஹம் என்று ஓடவே ஓடாது, அது கண்டென்சர் போன ஃபேன் என்றார். அவர் வீட்டில் புது ஃபேன் விஸ் என்று ஓடுகிறதாம். முதலாளி வீட்டு ஃபேன் சொன்னால் மறுபேச்சு இல்லை. ஃபேனுக்கு விஸ் போனதால் ராக்கெட்டுக்கு ஹம் மிஞ்சியது. ராக்கெட் முனகிக்கொண்டா போகும் என்று மை கலக்குகிறவர் கேட்டார். அதிலிருந்து ஆளாளுக்கு வாயாலேயே ராக்கெட் விட்டுப் பார்க்கத் தொடங்கினார்கள். டீ கொண்டுவந்த அம்மா பட்டறை வாசலிலேயே நின்று, உள்ளே வரலாமா என்று கேட்டார்.

அதற்குள் அந்தக் கணக்கில் இன்னொரு நூற்றைம்பது அடித்தாயிற்று.

இரண்டு மணிக்குச் சித்ராதேவி அழைத்தாள். கார் ஜூம், ராக்கெட் விஸ், ஃபேன் விர், தேனீ ஹம். பத்து விநாடியில் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். இதுவரை உருப்படியாக வந்தவை கார்களும் முதலில் அடித்த ராக்கெட்டுகளும் மட்டுமே. மருந்து போட்டுத் துடைத்தால் கறை நின்றது. தரணியே வண்டியை எடுத்துக்கொண்டு வெட்டும் இடத்துக்குப் போய், மாஸ்டரிடம் கெஞ்சி மாற்றுத் துண்டுகள் வாங்கிவந்தான். மூன்று நாளாகச் சரியான தூக்கமில்லை. காதுக்குள் நாலு வார்த்தைகளும் ஒன்றாகச் சுற்றின.

கழித்துப் போட்ட துண்டுகளில் ஒரு தேனீ அவனைப் பார்த்துச் சிரித்தது. கீழே விர் என்று தப்பாக எழுதியிருந்தாலும் அழகான தேனீ. வீணாகத்தானே போகிறது? மூன்று மணிக்கு முதல் கட்டைத் தையல் யூனிட்டில் இறக்கும்போது, அதைத் தனியாக எடுத்துத் தையல்காரி குழந்தையம்மாளிடம் நீட்டினான்.

"அக்கா, இதே மாடல்ல எனக்கு ஒண்ணு தெச்சுக் குடுங்க. ஊட்டுக்கு."

குழந்தையம்மாள் துண்டைத் தடவிப் பார்த்தாள். "எத்தன மாசமுங்க?"

"ஏழு," என்றான் வெட்கத்தோடு.

"அப்ப இது சரியா இருக்குமுங்க. இனி கிடுகிடுன்னு வளந்துரும்."

பிறக்காத பிள்ளைக்கு எப்படி அளவு சொல்கிறாள் என்று ஒரு கேள்வி எழுந்தது. கூடவே கொட்டாவியும் வந்தது. கொட்டாவிதான் ஜெயித்தது.

நாலரைக்குக் கடைசிக் கட்டு இறங்கியபோது ஆஷா அழைத்தாள். பின்னால் நடத்துநரின் விசில்.

"நான் ஏறிட்டனுங்க."

"பல்லடத்துல ஏறிக்கறேன் கண்ணு. சத்தியமா."

அவள் வைத்துவிட்டாள். குழந்தையம்மாள் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்த பொட்டலத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வண்டியை முறுக்கினான். பல்லடத்தில் தெரிந்த பேக்கரி வாசலில் வண்டியைப் போட்டுவிட்டுத் திரும்பவும், தனியார் பேருந்து புழுதி கிளப்பிக்கொண்டு வரவும் சரியாக இருந்தது. அது போட்டது ஜூமா விஸ்ஸா என்று பார்க்கும் நிலையில் அவன் இல்லை. ஓடித் தொற்றினான்.

ஆஷா ஜன்னலைப் பார்த்தபடி இருந்தாள். பக்கத்து இருக்கையில் அவள் கைப்பை உட்கார்ந்திருந்தது. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவ்வளவுதான் மன்னிப்பு. கொஞ்ச தூரம் போனதும் முந்தானை நுனியால் அவன் காதோரத்துச் சிவப்பு மையைத் துடைத்துவிட்டாள். அவனுக்கு அப்படியே தூங்கிவிடலாம் போல இருந்தது.

"நம்ம கொழந்தைக்கு மொதல் சட்டை," என்று பொட்டலத்தைக் கொடுத்தான்.

அவள் முகம் மலர்ந்தது. பிரித்தாள். தேனீயைத் தடவிப் பார்த்தாள். பிறகு சட்டையை விரித்துப் பிடித்தாள். திருப்பிப் பிடித்தாள். காலையில் அவன் தாளைப் பார்த்தது போலவே பார்த்தாள்.

"ஏனுங்க, இதுக்கு எதுக்குங்க நாலு கை?"

தரணி எண்ணிப் பார்த்தான். நாலுதான். குழந்தையம்மாளை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டான்.

"அக்கா, கொழந்தச் சட்டைக்கு நாலு கை வெச்சுட்டீங்களே."

அந்தப் பக்கம் தையல் மெஷின் நின்றது.

"கொழந்தச் சட்டையா? ஏனுங்க, அறநூறுமே நாய்ச் சட்டைதானுங்களே. ஏழு மாசக் குட்டின்னு நெனச்சு உங்களுதுல வாலுக்கும் தாராளமா எடம் உட்டிருக்கனுங்க."