அருளையாவின் அறுநூறு பன்றிகள்

உலகத்தில் எண்ணத் தெரிந்தவர்கள் உண்டு, தெரியாதவர்களும் உண்டு. மூன்றாவதாக ஓர் இனம் இருக்கிறது, தான் நின்ற இடத்தில் கண்டதை ஊர் முழுவதற்கும் பெருக்கிவிடும் இனம். வாசலில் இரண்டு பூனை படுத்திருந்தால் நகரத்தில் இரண்டு இலட்சம் பூனை என்பார்கள். உங்களுக்குத் தெரிந்தவர்கள்தான்.

இத்தாலியின் சிசிலித் தீவில், பலெர்மோ நகரத் தமிழரிடையே அந்த இனத்தின் தலைவர் அருளையா. அங்கே மொண்டெல்லோக் கடற்கரையில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவுகிறவர். அதன் பின்பக்கக் குப்பைத்தொட்டியில் ஒருநாள் ஆறு காட்டுப்பன்றிகள் மேய்வதைக் கண்டார். ஒரு தொட்டிக்கு ஆறு என்றால் ஊரிலுள்ள நூறு தொட்டிக்கு? தமிழர் ஆலயத்தின் பங்குச்சபைக் கூட்டத்தில் எழுந்து, தொண்டையைச் செருமி, அறுநூறு என்றார். சபை நடுங்கிப்போனது. ஈஸ்டர் திங்களன்று பூங்காவில் நடக்கவிருந்த ஒன்றுகூடல் ஆலய மண்டபத்துக்கு மாறியது.

அடி விழுந்தது அவர் மனைவி விமலராணிக்கு. கிழமை முழுக்கச் சிஞ்ஞோரா என்று அழைக்கும் இத்தாலிய எசமானியின் வீட்டையும், சனிக்கிழமைகளில் அந்த மண்டபத்தையும் துடைக்கிறவள், புல்லில் கால் நீட்டி இருக்கப்போகும் அந்த ஒரு நாளை நினைத்துத்தான் வருசத்தைத் தள்ளுகிறாள். தான் துடைத்த தரையிலா இருந்து புரியாணி சாப்பிடுவது?

"குப்பைத்தொட்டியடியிலை நிண்டால் பண்டிதானே வரும். பூங்காவிலையும் ஒருக்கா எண்ணிப் பாருங்கோவன்" என்றாள்.

அருளையா விஞ்ஞானத்துக்கு இணங்கினார். சபைச் செயலாளர் கொட்வினைச் சாட்சிக்கு அழைத்துக்கொண்டு மூவருமாகப் போனார்கள். வாசல், நீர்த்தொட்டி, பைன் மர நிழல் என்று மூன்று இடங்கள். பசித்தால் எண்ண வராது என்று அருளையாவின் தோளில் ஒரு பை நிறைய மீன் ரோல்ஸ். வாசலில் ஆறு பன்றி. நீர்த்தொட்டியடியில் ஆறு. நிழலிலும் ஆறு. பைக்குப் பின்னால் வரிசையாக வந்ததும் ஆறுதான்.

"முன்னுக்கு நிக்கிறதுக்குக் காது கிழிஞ்சிருக்கு. வாசலிலை நிண்டதுக்கும் அப்பிடித்தான் இருந்தது" என்றாள் விமலராணி.

"இத்தாலிப் பண்டியெல்லாம் அப்பிடித்தான்."

"மற்ற ஐஞ்சுக்கும் கிழியேல்லையே?"

"அது குட்டியள். இனித்தான் கிழியும்."

அவருக்குத் தோள் நோகும் என்று சொல்லி விமலராணி பையை வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு ரோல்ஸாகப் போட்டபடி மலைப்பக்கம் நடந்தாள். ஆறும் அவளோடு போயின. அருளையா திரும்பிப் பார்த்தார். ஒன்றுமில்லை. நிழலில் இல்லை, நீர்த்தொட்டியில் இல்லை, வாசலிலும் இல்லை. செயலாளரின் தோளில் கை வைத்தார்.

"கொட்வின், எழுதும். சிசிலியிலை காட்டுப்பண்டி அழிஞ்சுபோச்சு."

சபை அதையும் நம்பியது. ஒன்றுகூடல் பூங்காவுக்கே திரும்பியது. திங்கட்கிழமை விமலராணி புல்லில் இருந்து, இரண்டு காலையும் நீட்டி, ஒரு விரலும் அசைக்காமல் வானத்தைப் பார்த்தாள். அருளையா புரியாணிப் பானையடியில் நின்று வந்த சனத்தை எண்ணினார். நானூறு பேர் என்று அறிவித்தார். வந்ததோ நூறு பேர். ஆனால் பானைக்குத் திரும்பத் திரும்ப வந்தார்கள். அந்த நானூற்றில் ஆறு பேருக்கு வால் இருந்தது.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். "இந்த ஊர்ச் சனம் முழுக்க இப்பிடித்தான்" என்று போன கிழமை யாரிடமோ சொன்னீர்களே, அப்போது எந்தத் தொட்டியடியில் நின்றீர்கள்?