கைசருக்கு மட்டும்தான் போட்டோ

பொங்கலுக்குள் என் மனைவியோடு சேர்ந்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டே தீர்வது என்று எண்பத்தேழாம் வருடம் ஒரு முடிவு எடுத்தேன். அதை அவளிடம் சொல்லக் கூடாது என்றும் கூடவே முடிவு எடுத்தேன்.

காரணம் வெட்கம். வேறு ஒன்றும் இல்லை. ரிட்டையர் ஆனவன், மீசை நரைத்தவன், மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பியவன், "வா, ஸ்டுடியோவுக்குப் போய் ஜோடியாக உட்காரலாம்" என்று எந்த வாயால் கேட்பது? எங்கள் கல்யாணத்துக்கும் போட்டோ கிடையாது. போட்டோ பிடித்தால் ஆயுசு குறையும் என்று மாமனார் தடுத்துவிட்டார். அவர் தொண்ணூறு வரைக்கும் இருந்தார். அதனால் யாராலும் எதிர்த்துப் பேச முடியவில்லை.

பக்கத்து வீட்டு கோவிந்தராஜும் அவன் பெண்டாட்டி வனஜாவும் கலரில் ஒரு படம் எடுத்துச் சுவரில் மாட்டினார்கள். என் மனைவி லோகநாயகி போய்ப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "உம்" என்றாள். வீட்டுக்கு வந்து அரிசி களைந்தாள்.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் நட்டுக்கும் போல்ட்டுக்கும் அளவு பார்த்தவன். எட்டாவதுதான் படிப்பு. ஆனால் அரை நூல் கூடினாலும் ஒதுக்கிவிடுவேன். அந்த "உம்"மை எதை வைத்து அளப்பது என்று மட்டும் தெரியவில்லை. ஆசையா, இளக்காரமா? இளக்காரமாக இருந்து, நான் போய்க் கேட்டும் வைத்தால், எங்கள் வெங்கடாபுரம் குழாயடியில் ஒரு மாதத்துக்கு வேறு பேச்சு இருக்காது.

அதனால் நாயைப் பிடித்தேன்.

எங்கள் நாயின் பெயர் கைசர். பெயரைத் தவிர மற்றதெல்லாம் தெருநாய். ஓர் இடத்தில் நிற்கமாட்டான். கோழி, சைக்கிள், காற்றில் போகும் காகிதம், எதன் பின்னாலும் ஓடுவான். என் திட்டம் முழுக்க அந்த ஓட்டத்தை நம்பித்தான். நாய்க்குப் போட்டோ என்று கிளப்புவது. ஸ்டுடியோவில் அவன் நிற்கமாட்டான். "அம்மா ஒரு பக்கம், ஐயா ஒரு பக்கம் உட்கார்ந்து பிடிச்சிக்கோங்க" என்று போட்டோக்காரர் சொல்லுவார். உட்காருவோம். படம் விழும். கேட்ட பழி என் மேல் வராது.

அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஸ்டுடியோ வைத்திருக்கும் கோதண்டத்தைப் போய்ப் பார்த்தேன். யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து விஷயத்தைச் சொன்னேன்.

"நான் இருமுவேன். இருமினதும் நீங்க சொல்லணும்."

"அம்மாவையே நேரா கேட்டா இன்னா சார்?"

"உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஆயி ரெண்டு புள்ள கீது."

"அப்புறம் ஏன் இப்படிக் கேக்குறீங்க?"

சிரித்துக்கொண்டே சரி என்று தலையாட்டினார்.

சாயங்காலம் லோகநாயகி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"லோகு, நம்ம கைசரை ஒரு போட்டோ எடுத்து வெச்சா இன்னா?"

"யாரை?"

"கைசரை."

"கைசரை மட்டுமா?"

அந்த இடத்தில் வேறொரு ஆம்பளையாக இருந்தால் பிழைத்திருப்பான். நான், "பின்ன வேற யாரை?" என்றேன்.

அவள் ஒரு காம்பை முறித்தாள். "சரி, எடுத்துடலாம். எடுக்கிறதுதான் எடுக்கிறோம், ஒழுங்கா எடுக்கணும். அசையாம உக்கார நான் பழக்குறேன்."

அவன் அசையாமல் உட்கார்ந்துவிட்டால் என் திட்டம் என்ன ஆவது?

மறுநாளே ஆரம்பித்துவிட்டாள். வாசலில் ஒரு முக்காலி. கையில் டீக்கடைப் பொறை ரொட்டி. "உக்காரு" என்பாள். உட்கார்ந்தால் பொறை. எழுந்தால் ஒன்றும் கிடையாது. அவள் தண்ணீர் பிடிக்கப் போனதும் நான் கைசரைக் கொல்லைப்புறம் கூட்டிப்போவேன். "எழுந்திரு ராஜா, ஓடு" என்பேன். ஓடினால் என் பங்குக்கு ஒரு பொறை. உட்கார்ந்தும் தின்றான், ஓடியும் தின்றான். கழுத்துப் பட்டையில் புதிதாக ஓட்டை போட வேண்டி வந்தது.

மதில் மேலிருந்து வனஜா பார்த்துவிட்டாள்.

"இன்னா அண்ணாத்தே, அக்கா உக்கார வெக்குது, நீ ஓட வெக்கிறே. நாய்க்குப் பைத்தியம் புடிச்சிடப் போவுது."

"ஓடினா உடம்புக்கு நல்லதும்மா."

"யாரு உடம்புக்கு?"

துவைக்கிற கல்லைக் கழுவ ஆரம்பித்தேன். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

போட்டோவுக்குக் குறித்த நாள் வந்தது. லோகநாயகி தன் சீயக்காயைப் போட்டு அவனைத் தேய்த்தாள். என் துண்டால் துவட்டினாள். முகத்துக்குப் பவுடர் போட்டாள். திருஷ்டிக்கு நெற்றியில் மையால் ஒரு பொட்டு வைத்தாள். கழுத்தில் சிவப்பு ரிப்பன் கட்டினாள். அந்த மை டப்பாவை அவள் கீழே வைத்த நேரம் பார்த்து நான் கொஞ்சம் மீசைக்கு எடுத்துக்கொண்டேன். கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது.

"நாய்க்குத்தானே போட்டோ? மீசைக்கு எதுக்கு மை?"

"கூட்டிக்கினு போறவன் மரியாதையா இருக்க வேணாமா?"

"சலவைச் சட்டை?"

"அதுவும் மரியாதைதான்."

"சென்ட்டு?"

"நாய் நாத்தம் அடிச்சா?"

"ஓ" என்றாள். அவளும் அரக்குப் பட்டு கட்டியிருந்தாள். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போகிறோமே, அதற்காக இருக்கும் என்று நினைத்தேன்.

ரிக்ஷாவில் இரண்டு பேருக்குத்தான் இடம். லோகநாயகி ஏறினாள். கைசர் ஏறினான். நான் பின்னால் நடந்தேன். எதிரே சைக்கிளில் வந்த கோவிந்தராஜ் காலை ஊன்றி நின்றான்.

"இன்னா நைனா, சாமி ஊர்வலமா? நீதான் பின்னாடி வர்ற பஜனை கோஷ்டியா?"

செருப்பு வார் அறுந்தவன் மாதிரி குனிந்துகொண்டேன்.

ஸ்டுடியோ பெஞ்சில் ஒரு குடும்பமே உட்கார்ந்திருந்தது. குழந்தைக்கு முதல் பிறந்தநாள். அவர்களுக்கு முன்னால் எங்கள் முறை. அருவியும் அன்னமும் வரைந்த திரைக்கு முன்னால் நாற்காலி போட்டார்கள். லோகநாயகி, "உக்காரு" என்றாள். கைசர் ஏறி உட்கார்ந்தான். விளக்கு போட்டார்கள். அசையவில்லை. பெஞ்சிலிருந்த குழந்தை கிலுகிலுப்பையை ஆட்டியது. அசையவில்லை. பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்துப் போட உட்கார்ந்த மாதிரி இருந்தான்.

என் சட்டைப் பையிலும் ஒரு பொறை இருந்தது. ஓரமாக நின்று காட்டினேன். "ஓடு ராஜா" என்று உதட்டை அசைத்தேன். கைசர் என்னைப் பார்த்தான். லோகநாயகியைப் பார்த்தான். திரும்பி கேமராவைப் பார்த்தான். எங்கள் வீட்டில் யார் பேச்சு நடக்கும் என்பது அவனுக்கும் தெரிந்துதான் இருந்திருக்கிறது.

இருமினேன்.

கோதண்டம் கேமராவை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. இன்னொரு தடவை பலமாக இருமினேன்.

"இருமாதீங்க சார், நாய் பயந்துடும்."

விடாமல் இருமினேன். குழந்தை அழ ஆரம்பித்தது. பெஞ்சிலிருந்த ஓர் அம்மாள் தண்ணீர் கொடுத்தாள். அதைக் குடித்துக்கொண்டிருக்கும்போதே விளக்கு பளிச்சென்று அடித்தது.

"ஆச்சு. பஸ்ட் கிளாஸ்" என்றார் கோதண்டம்.

லோகநாயகி நாயை இறக்கினாள். "அப்ப போலாமா?"

நான் கோதண்டத்தின் காதருகே போனேன். "இன்னாங்க, மறந்துட்டீங்களா?"

அவர் கடைக்கே கேட்கிற மாதிரி பதில் சொன்னார். "மறக்கல சார். நாயை எப்படி எடுப்பீங்கன்னு கேக்க அம்மா போன வாரம் வந்தாங்க. பேச்சு வாக்குல எல்லாத்தையும் சொல்லிட்டேன். நீங்க எத்தினி வாட்டி இருமினாலும் எடுக்கக் கூடாது, வாயைத் தொறந்து கேட்டாத்தான் எடுக்கணும்னு சொல்லிட்டுப் போனாங்க."

பெஞ்சு மொத்தமும் என் பக்கம் திரும்பியது. குழந்தைகூட அழுகையை நிறுத்திவிட்டது.

"தெரிஞ்சிக்கினு நீ வீட்லயே சொல்லியிருக்கலாமே லோகு" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"நான்தான் கேட்டேனே. 'கைசரை மட்டுமா'ன்னு கேட்டு, வாசலைத் தொறந்து வெச்சிக்கினு நின்னேன். நீங்க நாயை உள்ளே அனுப்பிட்டு நீங்க வெளியவே நின்னுக்கினீங்க." அவள் கோபப்படவில்லை. கைசரின் ரிப்பனைச் சரிசெய்துகொண்டே பேசினாள். "இத்தினி வருசத்துல 'எனக்கு இது வேணும்'னு என்கிட்ட ஒரு வாட்டி கேட்டிருக்கீங்களா? குழம்புல உப்பு கம்மின்னாகூட நாய்கிட்டதான் சொல்றீங்க."

உண்மைதான். அன்று காலையிலும் சொன்னேன்.

"கேளுங்க. கேட்டா உக்காருறேன். இல்லேன்னா ரிக்ஷா வெளிய நிக்குது."

சட்டைப் பையிலிருந்த பொறையைப் பொடித்துப் பொடித்து மாவாக்கிவிட்டேன்.

"ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?"

"யாரு கூட? கைசர் கூடவா?"

"உன் கூட."

"பெஞ்சுல இருக்கிறவங்களுக்குக் கேக்கலையாம்."

"உன் கூடத்தான், லோகு. ரொம்ப நாளா ஆசை."

தண்ணீர் கொடுத்த அம்மாள் பெருமூச்சு விட்டாள். "கேட்டுட்டாரும்மா. போய் உக்காரு, புள்ளைக்குத் தூக்கம் வருது."

லோகநாயகி உட்கார்ந்து முந்தானையைச் சரிசெய்தாள். அவள் காது சிவந்திருந்தது. கட்டிக்கொண்ட நாளிலிருந்து அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எங்கள் காலடியில் கைசர். அவனை யாரும் கூப்பிடவில்லை.

"சார், தலையைத் தூக்குங்க" என்றார் கோதண்டம். தூக்கினேன். பெஞ்சிலிருந்து அத்தனை பேரும் சிரித்துக்கொண்டே பார்த்தார்கள். குனிந்துவிட்டேன். மூன்று தடவை எடுத்தார். மூன்று தடவையும் அப்படித்தான்.

படம் வந்தது. லோகநாயகி நேராகப் பார்க்கிறாள், லேசாகச் சிரிக்கிறாள். கைசரும் நேராகத்தான் பார்க்கிறான். நான் மட்டும் தரையில் எதையோ தொலைத்தவன் மாதிரி இருக்கிறேன். பீரோவுக்குள் வைத்துவிடலாம் என்றேன். அவள் கண்ணாடி போட்டு, நுழைந்ததும் கண்ணில் படுகிற இடத்தில் மாட்டினாள். ஆணி அடித்தது நான்தான்.

முதல் ஆளாக வனஜா வந்தாள். கிட்டே போய்ப் பார்த்தாள்.

"படம் ஜோரா கீது அக்கா. பக்கத்துல யாரு, அண்ணாத்தேவா?"

"வேற யாரு?" என்றாள் லோகநாயகி. "வழுக்கையைப் பாத்தா தெரியல?"