இடுப்பில் கட்டிய அதிரசம்

பெண் பார்க்கப் போகிற மாப்பிள்ளைகள் இடுப்பில் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு போவார்கள். வசதி உள்ளவர்கள் வெள்ளி அரைஞாணும் கட்டிக்கொண்டு போவார்கள். நான் அதிரசம் கட்டிக்கொண்டு போனேன். (சிரித்துக்கொள்ளுங்கள். என் வீட்டில் எல்லாரும் சிரித்தாகிவிட்டது. நீங்கள் மட்டும் என்ன பாவம் செய்தீர்கள்?)

அது மலாய் நாட்டில் வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம். காட்டுக்குள் துப்பாக்கியோடு இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு ரப்பர்த் தோட்டத்திலிருந்து சாப்பாடு போய்விடக் கூடாது என்று, எங்கள் குடியிருப்பு லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டு, ஒரே ஒரு கேட்டு வைத்திருந்தார்கள். ஆளைத் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். அரிசி, பருப்பு, சீனி, சுட்டது, அவித்தது எதுவும் கேட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் லாக்கப்பு. பாலுக்கு மரம் வெட்டப் போகிற நாங்களே வெறும் வயிற்றோடு போய் வெறும் வயிற்றோடு திரும்புவோம். பொழுது சாய்ந்தால் ஊரடங்கு வேறு.

இப்படி ஒரு காலத்தில்தான் என் அம்மாவுக்கு எனக்குக் கல்யாணம் பண்ணிப் பார்க்கும் ஆசை வந்தது. நாங்கள் புக்கிட் பெலண்டோக் பக்கத்துத் தோட்டம். பெண் லிங்கிப் பக்கம். பெயர் கமலம். அவளுடைய அப்பா சின்னையா, வெளிக்காட்டில் ஆட்களை வேலை வாங்குகிற மண்டோர். அவர் மீசையைப் பார்த்தாலே மரங்கள் கூடுதலாகப் பால் கொடுக்கும் என்று பேச்சு. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போய்ப் பெண் பார்ப்பதென்றால் பெர்மிட்டு வாங்க வேண்டும். ஆபீசில் நின்று, “எதுக்குப் போற?” என்ற கேள்விக்கு வெட்கப்பட்டுக்கொண்டே பதில் சொல்ல வேண்டும். அதனால் பெரியவர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். தீபாவளிக்கு எப்படியும் எல்லாத் தோட்டத்து லாரியும் டவுனுக்குப் படம் பார்க்கப் போகும். அங்கேயே பார்த்துக்கொள்ளலாம்.

டவுனில் இருந்தது ஒரே ஒரு கொட்டகை. தகரக் கூரை, மரப் பெஞ்சுகள், ஒற்றை மெஷின். அதன் முதலாளி ஒரு சீனத் தவுக்கே. சீனப் பெருநாளுக்குச் சீனப் படம், ஹரி ராயாவுக்கு மலாய்ப் படம், தீபாவளிக்குத் தமிழ்ப் படம் என்று யாருக்கும் குறை வைக்காத மனிதர். ஊரடங்கினால் ராத்திரி ஆட்டம் கிடையாது. பட்டப்பகலில், ஜன்னல்களில் சாக்குத் தொங்கவிட்டு இருட்டாக்கிப் படம் காட்டுவார். எங்களுக்கு அது போதும். வருஷம் முழுக்க வேலிக்குள் கிடந்தவர்களுக்கு அந்த லாரிப் பயணமே பாதித் தீபாவளி.

எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்த என்னை அம்மா அடுப்படிக்குக் கூப்பிட்டாள். அங்கே வாழை இலையில் அதிரசம் அடுக்கியிருந்தது.

“சட்டையத் தூக்குடா.”

“எதுக்கும்மா?”

“நல்ல நாளும் அதுவுமா பொண்ணு வீட்டுக்காரங்களப் பாக்கப் போறோம். வெறுங்கையோடவா போய் நிக்கிறது? நாளைக்கு அவ நம்ம வீட்டுக்கு வந்தப்புறம், ‘ஒங்கம்மா ஒரு அதிரசத்துக்கு வழியில்லாம வந்தாங்க’ன்னு சொல்லிக் காட்டவா?”

“கேட்ல புடிச்சா லாக்கப்பும்மா!”

“பொம்பளைங்களத்தான் அந்த சோதனைக்காரி மடியப் பிரிச்சுப் பாக்குறா. ஆம்பளைங்கள சும்மா தோள்பட்டையத் தட்டி விட்டுர்றானுங்க. ஒனக்குத்தான் இடுப்பே இல்லயே. ரெண்டு சுத்து சுத்தினா யாருக்குத் தெரியப் போவுது?”

அப்பாவின் பழைய துண்டை விரித்து, இலையோடு அதிரசங்களை வரிசையாக வைத்து, என் இடுப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். மேலே வேட்டி, அதற்கு மேலே முழுக்கைச் சட்டை. எட்டி நின்று பார்த்து, “கொஞ்சம் சதை வச்ச மாதிரி நல்லாத்தான்டா இருக்க. தெனமும் கட்டலாம் போல” என்றாள். நானும் கண்ணாடியில் பார்த்தேன். எனக்கே என்னைப் பிடித்துப்போய்விட்டது. என் புத்தி அவ்வளவுதான்.

கேட்டில் ஹசான் நின்றான். அவன் மாத்தா-மாத்தா. அப்போது போலீஸ்காரர்களை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். தினமும் காலையில் என்னைத் தட்டிப் பார்க்கிறவன், என் விலா எலும்புகள் எல்லாம் அவனுக்கு அத்துப்படி. தோளைத் தட்டினான். ஒரு அடி பின்னால் போய் என்னை மேலும் கீழும் பார்த்தான்.

“சூடா கெமுக் லா!” என்றான். ரொம்பக் குண்டாகிவிட்டாயே என்று அர்த்தம்.

“தீபாவளி, தீபாவளி” என்று இளித்தேன். அவன் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டான். அப்பாடா என்று லாரியில் ஏறினால், துப்பாக்கியோடு அவனும் ஏறினான். அன்றைக்கு எங்கள் லாரிக்குப் பாதுகாப்பு அவன்தானாம்.

வழியெல்லாம் சரியான வெயில். லாரிக்கு மேலே கூரை இல்லை. கொட்டகை வாசலில் இறங்கும்போது வெல்லமும் எண்ணெயும் இளகி, அதிரசம் என்னோடு ஒட்டிக்கொண்டிருந்தது. எது அதிரசம், எது நான் என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. ஆனால் வாசல் கூட்டத்தில் வைத்து அவிழ்த்துக் கொடுக்க முடியுமா? இடைவேளையில் மறைவாகக் கொடுத்துக்கொள்ளலாம் என்று அம்மா கண் காட்டினாள்.

கொட்டகைக்குள் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவில் ஒரு கயிறு. அம்மா போய்க் கமலத்தின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். கமலத்துக்குப் பச்சைச் சேலை. ஒரே ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். எனக்கு அதுவே தாங்கவில்லை. இவள்தான், வேறு யாரும் வேண்டாம் என்று அந்த இடத்திலேயே முடிவு பண்ணிவிட்டேன். முடிவு பண்ண வேண்டிய ஆளோ என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மண்டோர் சின்னையா. முழங்கால்களுக்கு நடுவே ஒரு பெரிய கறுப்புக் குடையை நட்டு, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“ஒங்கம்மா சொல்லி அனுப்பிச்சாங்க” என்றார். “பையன் இருக்கிற எடமே தெரியாது, அவ்ளோ அடக்கம்னு.”

“ஆமாங்க.”

“படம் பாக்கையில பேசறவனக் கண்டா எனக்குப் புடிக்காது. ஒரு எடத்துல ஒக்காராம நெளியறவனக் கண்டா சுத்தமாப் புடிக்காது.”

நான் சிலையாக உட்கார்ந்தேன். விளக்கு அணைந்தது.

முதல் கடி இடது இடுப்பில் விழுந்தது. கொசு என்று நினைத்தேன். அடுத்தது முதுகுப் பக்கம். மூன்றாவது, எங்கே என்று எழுத முடியாத இடம். அந்தக் கொட்டகைப் பெஞ்சுகளுக்கு மனிதர்கள் வாரத்துக்கு ஒரு முறைதான் வருவார்கள். எறும்புகள் நிரந்தரக் குடித்தனம். இத்தனை வருஷத்தில் அவற்றுக்கும் ஒரு தீபாவளி வர வேண்டாமா? உறவு, ஊர், பங்காளி எல்லாரையும் அழைத்துக்கொண்டு வந்து என் இடுப்பில் பந்தி போட்டுவிட்டன.

நெளிந்தால் கல்யாணம் போச்சு. ஏன் நெளிந்தேன் என்று சொன்னால் லாக்கப்பு. ஹசான் வாசலில்தான் நிற்கிறான். பல்லைக் கடித்தேன். கண்ணில் தண்ணீர் தாரை தாரையாக ஓடியது. நல்ல வேளை, திரையிலும் கதாநாயகியின் தாயார் சாகக் கிடந்தார். மண்டோர் ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தார்.

“எளகின மனசு” என்று மெதுவாகச் சொன்னார். என் நெஞ்சு பூரித்தது. இன்னும் கொஞ்ச நேரம் அந்தத் தாயார் உயிரோடு இழுத்துக்கொண்டிருந்தால் கமலம் எனக்குத்தான்!

அப்போது பார்த்து ரீல் முடிந்தது. விளக்கைப் போட்டார்கள். ஒரே படப்பெட்டியை அக்கம்பக்கத்து ஊர்க் கொட்டகையோடு பங்கு போட்டு ஓட்டுவது அந்தக் காலத்து வழக்கம். அங்கே ஓடி முடிந்த ரீலை மோட்டார் சைக்கிளில் இங்கே கொண்டுவர வேண்டும். தவுக்கே மேடையேறி, “துங்கு சிக்கிட் லா! கொஞ்சம் பொறு! படம் ரோட்டுல மாட்டிகிச்சி, மாத்தா-மாத்தா செக் பண்ணுது!” என்று அறிவித்துவிட்டு, கூட்டம் கலையாமலிருக்கப் பாட்டுத் தட்டு ஒன்றைச் சுழலவிட்டார். நல்ல துள்ளல் பாட்டு.

அந்த முதல் தாளத்துக்கும், எறும்புகளின் மொத்தப் படையெடுப்புக்கும் எப்படித்தான் நேரம் பொருந்தியதோ, நான் எழுந்துவிட்டேன். எழுந்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. குதித்தேன். இடுப்பை வெட்டினேன், ஒரு காலைத் தூக்கினேன், சுழன்றேன், பெஞ்சைத் தாண்டி மேடைக்கு முன்னால் போய் விழுந்து எழுந்தேன். கொட்டகை முழுக்க விசில். “அடி சக்க! போடு மச்சான்!” என்று எங்கள் லாரிக்காரர்கள் தாளம் போட்டார்கள். தவுக்கேகூடக் கை தட்டினார். இந்த வருஷம் தீபாவளிக்கு ஸ்பெஷல் ஆட்டம் என்று நினைத்திருப்பார்.

அம்மா போட்ட முடிச்சு அதுவரை தாங்கியதே பெரிய விஷயம். துண்டு அவிழ்ந்தது. அதிரசங்கள் வேட்டிக்குள்ளிருந்து ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்து, நாலா பக்கமும் உருண்டன. ஒன்று மட்டும் நேராக உருண்டு, கயிற்றுக்கு அடியில் புகுந்து, பச்சைச் சேலையின் ஓரத்தில் போய்ப் படுத்தது.

பாட்டு நின்றது. விசிலும் நின்றது. எல்லாருக்கும் புரிந்துவிட்டது. கேட்டைத் தாண்டிய அதிரசம். வாசலிலிருந்து ஹசான் நடந்து வந்தான். அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. எனக்குப் பயத்தில் எறும்புகூட மறந்துபோயிற்று.

கமலம் குனிந்தாள். அந்த அதிரசத்தை எடுத்தாள். எறும்பைத் தட்டக்கூட இல்லை. அப்படியே ஒரு கடி கடித்தாள். மென்றுகொண்டே, கொட்டகை முழுக்கக் கேட்கும்படி அம்மாவிடம், “வாசல் கடையில நீங்க வாங்கினதாங்க அத்த? நல்லாருக்கு” என்றாள்.

அவ்வளவுதான். எங்கள் ஜனங்களுக்குச் சாடை காட்டினால் போதும். கீழே கிடந்ததை ஆளுக்கொன்றாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்கள். ஹசான் என் முன்னால் வந்து நின்றபோது, தரையில் எண்ணெய்க் கறைதான் இருந்தது. கொட்டகையே மென்றுகொண்டிருந்தது.

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். “தாடி கெமுக், செக்காராங் குருஸ்!” என்றான். சற்று முன்னே குண்டு, இப்போது ஒல்லியா என்கிறான். மண்டோர் எழுந்து வந்து என் கையைப் பிடித்து என்னை வெளியே இழுத்துக்கொண்டு போனார். ஹசானும் பின்னாலேயே வந்தான்.

வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. அந்த வெயிலுக்கு அப்புறம் இந்த மழை. எங்கள் ஊர்த் தீபாவளி அப்படித்தான். மண்டோர் மழையில் நின்றபடியே ஆரம்பித்தார்.

“இருக்கிற எடமே தெரியாதுன்னாங்களே! ஏன்டா, நீ ஆடின ஆட்டம் லிங்கி வரைக்கும் தெரிஞ்சிருக்குமேடா! சாப்பாட்டுச் சாமான இடுப்புல கட்டிட்டு வர்றியே, அறிவிருக்கா? நானெல்லாம் ஒரு நாளாச்சும்...”

மனிதர் தொப்பலாக நனைகிறார். மீசையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. கையில் குடை இருக்கிறது, விரிக்கவில்லை. கோபத்தில் மறந்துவிட்டார் போலும் என்று நினைத்தேன். இப்போதாவது கொஞ்சம் மரியாதை காட்டிப் பேரை மீட்டுக்கொள்வோம் என்று, “நனையறீங்களே மாமா” என்று குடையை வாங்கினேன். அவர் “டேய், வேணாம்டா, வேணாம்!” என்று தாவுவதற்குள் விரித்தேன்.

முறுக்கு. கை முறுக்கு, தேன்குழல், சீடை. எங்கள் இருவர் தலையிலும் தோளிலும் கொட்டியது. அவர் வீட்டுக்காரம்மாவும் அன்று காலை அவரைக் கூப்பிட்டு, மாப்பிள்ளை வீட்டுக்கு வெறுங்கையோடா போவது என்று கேட்டிருக்கிறார். அந்தக் குடையை அவர் ஏன் அப்படிக் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

ஹசான் குடைக் கம்பியில் மாட்டியிருந்த ஒரு முறுக்கை மெதுவாக எடுத்தான். கடித்தான். சாலைப் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டு, “சாயா தா நம்பாக் லா” என்றான். நான் எதையும் பார்க்கவில்லை என்று அர்த்தம். அந்த முறுக்கை அவன் முழுசாகத் தின்று முடிக்கும்வரை நாங்கள் அசையவில்லை.

மண்டோர் மீசையைப் பிழிந்துவிட்டுக்கொண்டார். “அத்தைன்னுட்டா” என்றார். “எம் பொண்ணு அத்தனை பேரு முன்னால ஒங்கம்மாவ அத்தைன்னுட்டா. இனி நான் என்ன சொல்லிக் கிழிக்கப் போறேன்? குடைய மடக்குங்க மாப்ள.”

எனக்குத் திரும்பவும் ஆட வேண்டும் போலிருந்தது. இந்தத் தடவை எறும்பு இல்லாமல்.

மிச்ச ரீல் வந்து சேர்வதற்குள் ஊரடங்கு நேரம் நெருங்கி, லாரிகள் கிளம்பிவிட்டன. அந்தத் தாயார் பிழைத்தாரா, செத்தாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அதனால் எனக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை.

இப்போதும் தீபாவளி வந்தால் என் வீட்டில் யாரும் எனக்கு ஒழுங்காக அதிரசம் கொடுப்பதில்லை. “தட்டுல வைக்கவாப்பா, துண்டுல கட்டவா?” என்று கேட்டுவிட்டுத்தான் கொடுப்பார்கள். மருமகன்கள்கூடக் கேட்கிறார்கள். பிள்ளைகள் சிரித்து ஓயும்வரை கமலம் காத்திருப்பாள். பிறகு அடுப்படியிலிருந்து குரல் வரும்:

“எறும்பு தின்னா கண்ணு நல்லாத் தெரியும்னு சொல்வாங்க. அன்னிக்கு நான் எறும்போட சேத்துத்தான் தின்னேன். அப்புறமும் இவரத்தான லா கட்டிக்கிட்டேன்!”