ஆட்சேபணை அங்கிளும் தெருமுனை பஸ் ஸ்டாப்பும்

அரசாங்கம் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்ன மனிதர் இந்தியாவிலேயே ஒருவர்தான். அவர் பெங்களூர் அடுகோடியில் எங்கள் கீழ்வீட்டில் இருந்தார். தெருவே அவரை ஆட்சேபணை அங்கிள் என்றுதான் கூப்பிடும்.

ஏதாவது இலாகா ஒரு கொள்கை வரைவை இணையதளத்தில் போட்டு, பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம் என்றால் போதும், காபியை ஆறவிட்டுவிட்டு போனும் கையுமாக உட்கார்ந்துவிடுவார். தெருநாய், ஏரி, பார்க்கிங், எதையும் விட்டதில்லை. கடலையே பார்க்காத மனுஷன் மீன்பிடிப் படகுக் கொள்கைக்கும் ஆட்சேபணை எழுதினார். உங்களுக்கு எதற்குப் படகு என்று கேட்டேன்.

"கேட்டிருக்காங்கப்பா. பதில் சொல்லாம இருந்தா நல்லாவா இருக்கும்?" என்றார்.

அதோடு விட்டாரா? 'தங்கள் கருத்து கிடைத்தது, நன்றி' என்று தானாக ஒரு மெயில் வரும். இவர் 'நன்றிக்கு நன்றி' என்று எழுதுவார். உடனே மறுபடி அதே மெயில். ஒரு மத்தியானம் முழுக்க இரு தரப்பும் இப்படி உபசரித்துக்கொண்டிருந்தன. அவர் மனைவி ஸ்டெல்லா ஆன்ட்டி வந்து போனைப் பிடுங்கிய பிறகுதான் அரசாங்கம் ஓய்ந்தது.

ஆன்ட்டிக்கு மூட்டுவலி. ஆனாலும் ஞாயிறு தவறாமல் சிவாஜிநகர் சர்ச்சுக்குத் தனியாகப் போய் வருவார். தெருமுனை ஸ்டாப்பில் பஸ் ஏறினால் நேரே சர்ச்தான். புது பஸ் கொள்கை வரைவில் அந்த ஸ்டாப்பை எடுத்துவிடுவதாக இருந்தது. ஏறி இறங்க ஆளே இல்லையாம். அடுத்த ஸ்டாப் வரை ஆன்ட்டியால் நடக்க முடியாது.

அங்கிள் விளாசித் தள்ளுவார் என்று பார்த்தால், ஒரு வரி எழுதவில்லை.

"நம்ம வீட்டு விஷயத்தப் போய் பாலிஸியில எழுதுறதா? சுயநலம்ப்பா அது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படகுக்கு எழுதுவாராம், பெண்டாட்டி காலுக்கு எழுத மாட்டாராம்!

கடைசியில் ஆன்லைனில் கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தார்கள். நான்தான் அவரைப் பிடித்து போன் முன்னால் உட்கார வைத்தேன். மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே கட்டம் போட்ட லுங்கி. அதிகாரி திரையில் வந்ததும் மரியாதையாக எழுந்து நின்றுவிட்டார். கூட்டத்துக்கு லுங்கி மட்டும் தெரிந்தது. தயவுசெய்து உட்காருங்கள் என்று அதிகாரி கெஞ்ச வேண்டியதாயிற்று. உட்கார்ந்தவர் பஸ் ஹாரன், ஜன்னல் கம்பி, டிக்கெட்டின் தடிமன் எல்லாம் பேசினார். ஸ்டாப்பைப் பற்றி மூச்சு விடவில்லை.

சமையலறையிலிருந்து ஆன்ட்டி வந்து போனில் முகத்தை நீட்டினார். கன்னடத்தில் அவர் சொன்னது இவ்வளவுதான்: "எனக்கு முட்டி வலி சார். அந்த ஸ்டாப்ப எடுத்துட்டா நான் எப்படி சர்ச்சுக்குப் போறது?"

அதிகாரி குனிந்து எழுதிக்கொண்டார். அங்கிள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார்.

இறுதிக் கொள்கையில் ஸ்டாப் இருந்தது. அங்கிள் வாழ்க்கையில் முதல்முறையாக 'ஆட்சேபணை இல்லை' என்று எழுதி அனுப்பினார். வழக்கமான நன்றி வந்தது. அதற்குப் பதில் போடச் சொன்னது ஆன்ட்டி.

நான் இப்போது மல்லேஸ்வரத்தில் இருக்கிறேன். அடுகோடிப் பக்கம் போனால் வேலை இருக்கிறதோ இல்லையோ, அந்த ஸ்டாப்பில் இறங்கிவிடுவேன். அங்கே இறங்கவும் ஆள் இருக்கிறது என்று அரசாங்கத்துக்குத் தெரிய வேண்டுமே.